வானத்தில் ஒரு மணி, மண்ணில் ஒரு பகல்

கண்டிக்கும் திருச்சிக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 440 கிலோமீற்றர். விமானம் பறப்பதோ ஒரு மணி நேரம். அப்படியிருந்தும் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்குப் போக ஒரு பகல் முழுதும் கரைவது ஏன்?

கண்டியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கைபேசியில் தட்டிப் பாருங்கள். பதில் உடனே வந்துவிடும்: சுமார் 640 கிலோமீற்றர், ஒரு மணி இருபது நிமிடம். கணக்கில் பிழையே இல்லை. கண்டியில் விமான நிலையம்தான் இல்லை.

இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்பது எளிது. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து, பூமியின் வளைவின் மேல் ஒரு கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டின் நீளத்தை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணியைச் சேர்த்துவிடுகிறார்கள். கோட்டின் ஒரு முனையில் ஓடுபாதை இருக்கிறதா, மலை இருக்கிறதா, கண்டி ஏரியைச் சுற்றி வாகன நெரிசல் இருக்கிறதா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.

கண்டிக்காரருக்கு அந்த முனைதான் பிரச்சினை. கலியாணப் புடவை எடுக்க, வைத்தியம் பார்க்க, சமயபுரத்தாளுக்கோ வேளாங்கண்ணி மாதாவுக்கோ நேர்ந்ததைச் செலுத்த என்று மலையகத்துக் குடும்பங்கள் திருச்சிக்குப் போய் வந்தபடியே இருக்கின்றன. அவர்களுடைய கணக்கு வேறு மாதிரி ஓடும். கண்டியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேனில் மூன்று, மூன்றரை மணி. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே அங்கே நிற்க வேண்டும். பறப்பது ஒரு மணி. திருச்சியில் குடிவரவு முத்திரை, சுங்கம், பெட்டி வந்து சேரும் வரை இன்னொரு மணி. கூட்டினால் எட்டரை மணி. அதில் ஆகாயத்தின் பங்கு எட்டில் ஒன்றுகூட இல்லை.

அந்த ஒரு மணியும் எங்கே போகிறது?

திருச்சியிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீற்றர். ஏ320 வகை ஜெட் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீற்றருக்கு மேல் போகும். அப்படியானால் அரை மணியில் போய்விட வேண்டுமே என்று தோன்றும். அட்டவணையில் போடும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. கதவு மூடி விமானம் நகரும் கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்தும் கணம் வரை எல்லாமே அதில் அடக்கம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, இறங்கும்போது வரிசையில் வட்டமிடுவது எல்லாம் சேரும். இவ்வளவு குறுகிய தூரத்தில் விமானம் முழு வேகத்தில் நிலையாகப் பறப்பது சில நிமிடங்களே. ஏறி முடித்த சூட்டோடு இறங்கத் தொடங்க வேண்டும். பணிப்பெண்கள் சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்த கையோடு திரும்ப வாங்கிக்கொள்வது அதனால்தான்.

வரைபடத்தில் அந்த நேர்கோட்டைப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். கோடு பாம்பனை ஒட்டியே கடலைக் கடக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் ரயிலும், அதற்கு முன் நடந்து வந்தவர்களும் தொட்ட அதே பாம்பன்.

இன்னொரு வேடிக்கை கடிகாரத்தில் நடந்தது. 1996இல் இலங்கை தன் நேரத்தை முன்னே தள்ளி வைத்தது. அந்த ஆண்டு ஒக்டோபரிலிருந்து இந்தியாவைவிட அரை மணி முந்தி ஓடியது. திருச்சியில் பத்து மணிக்குக் கிளம்பியவர் ஒரு மணி நேரம் பறந்து பதினொன்றரைக்கு இறங்கினார். திரும்பி வரும்போது அரை மணியில் வந்துவிட்டார். 2006 ஏப்ரல் நடுவில், புத்தாண்டை ஒட்டி, இரு நாட்டுக் கடிகாரங்களும் மறுபடி ஒன்றாயின.

கடைசி நூறு கிலோமீற்றர்

கட்டுநாயக்கவிலிருந்து கண்டி பறவை பறக்கும் கோட்டில் 85 கிலோமீற்றர்கூட இல்லை. சாலையில் அது நூறைத் தாண்டுகிறது. விமானம் 420 கிலோமீற்றரை ஒரு மணியில் முடிக்க, மிச்சமுள்ள நூறு கிலோமீற்றருக்கு மூன்று மணி போகிறது.

நிட்டம்புவவில் கொழும்பு–கண்டி வீதியைப் பிடிக்க வேண்டும். ஏ1 என்ற இலக்கமுடைய இந்த வீதியின் முழு நீளம் 116 கிலோமீற்றர். கஜுகமவில் வீதியோரக் குடில்களில் முந்திரிப் பருப்பைக் கூறுகட்டி வைத்துக் கை காட்டுவார்கள். வரக்காப்பொல, கேகாலை, மாவனெல்லை என்று ஒவ்வொரு ஊரும் சாலையின் இரு கரையிலும் நீண்டு கிடக்கிறது. கடைக்கு முன்னால் லொறி நிற்கும், அதை முந்தப் பஸ் வெளியே வரும், எதிரே முச்சக்கர வண்டி நுழையும். நகரத்துக்கு நகரம் வேகம் விழுவது இங்கேதான். மாவனெல்லை தாண்டினால் ஏற்றம். கடுகண்ணாவக் கணவாயில் கொண்டைஊசி வளைவுகள். வலப்பக்கமோ இடப்பக்கமோ பள்ளம் தெரிந்தபடியே வரும். தூரத்தில் புத்தகத்தை விரித்து வைத்த மாதிரி பத்தலேகலப் பாறை. பிலிமத்தலாவ, பேராதனை வந்ததும் ஊர் வந்துவிட்டது என்று பெட்டியைத் தேடுவோம். கண்டி நகருக்குள் நுழைய இன்னும் அரை மணி இருக்கும்.

வழி இல்லாததே அரண்

இந்த நெருக்கடி தற்செயலானதல்ல. கண்டி என்ற தலைநகரம் பிழைத்ததே சென்று சேரக் கடினமாக இருந்ததால்தான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையோரத்தை ஆண்ட காலத்திலும் மலைநாடு அவர்களிடம் நிலையாகச் சிக்கவில்லை. காடும் கணவாயும் மழையும் காய்ச்சலும் அரசனுக்குக் காவல் நின்றன. நல்ல சாலை போடுவது எதிரிக்குக் கதவு திறப்பதாகும் என்று கண்டி அரசு அறிந்திருந்தது.

தமிழகத்துக்கு மட்டும் அந்தக் கதவு மூடவில்லை. கண்டி மன்னர்கள் மதுரையிலிருந்து பெண் எடுத்தார்கள். 1739இல் அந்த உறவு வழியே நாயக்கர் வம்சமே சிம்மாசனம் ஏறியது. அதன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டான். அடுத்த ஆண்டு கப்பலில் சென்னைக்குக் கொண்டுபோய், வேலூர்க் கோட்டையில் சிறை வைத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். திருமணத்துக்காகத் திறந்திருந்த வழி, நாடுகடத்தலுக்கும் உதவியது.

ஆங்கிலேயர் முதலில் செய்த வேலை சாலை போட்டதுதான். 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், பொறியாளர் கப்டன் டோசனின் மேற்பார்வையில், கொழும்பிலிருந்து மலைக்கு வழி வெட்டினார்கள். கடுகண்ணாவவில் ஒரு பெரும்பாறையைக் குடைந்தே சாலையை விட்டார்கள். மலையைத் துளைப்பவன் கண்டியை வெல்வான் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததாகக் கதை உண்டு. அந்தப் பாறைக் குகையும், பக்கத்தில் டோசன் நினைவாக எழுப்பிய கோபுரமும் இன்றும் நிற்கின்றன. 1832இல் குதிரை பூட்டிய தபால் கோச் ஓடத் தொடங்கியதும் கொழும்பிலிருந்து ஒரே பகலில் கண்டியைத் தொட முடிந்தது.

பிறகு வந்தது கோப்பி. மலைச்சரிவில் விளைந்த மூட்டைகளை மாட்டுவண்டிகள் இறக்கின. மழைக்காலத்தில் அவை சேற்றில் புதைந்து நின்றன. துரைமாரின் அவசரம் ரயிலைக் கொண்டுவந்தது. 1867இல் தண்டவாளம் கண்டியை எட்டியது. ரம்புக்கனவிலிருந்து கடுகண்ணாவ வரை சுமார் 12 மைல் தூரத்துக்கு, 45 அடிக்கு ஓர் அடி வீதம் ஏற்றம். நீராவிக் காலத்தில் ரம்புக்கனவில் வண்டியை நிறுத்திப் பின்னாலும் ஓர் எஞ்சினைப் பூட்டித் தள்ளினார்கள். ‘வடே, வடே, இஸ்ஸோ வடே’ என்று கூடைக்காரர் பெட்டி பெட்டியாக ஏறி இறங்குவதற்கு அந்த நிறுத்தம் வாய்ப்பாயிற்று. எஞ்சின் மாறிய பிறகும் அந்தக் குரல் மாறவில்லை. சுமார் 160 ஆண்டுகளுக்கு முன் வளைத்துப் போட்ட அதே வளைவுகளில்தான் இன்றும் கண்டி ரயில் ஏறுகிறது. கடும் வேகம் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. கொழும்புக் கோட்டையிலிருந்து சுமார் 120 கிலோமீற்றருக்கு இரண்டரை மணியிலிருந்து மூன்றரை மணி வரை எடுத்துக்கொள்ளும்.

நடந்தே வந்தவர்கள்

அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் எந்தக் கோச்சிலும் வரவில்லை. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, சேலம் சீமைகளிலிருந்து கங்காணிகள் பின்னால் கூட்டங்கூட்டமாக நடந்தார்கள். கரைக்கு வந்து தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல், காட்டுவழி நடை. தண்ணீர் கிடையாது. வாந்திபேதி, மலேரியா, பட்டினி. விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். எத்தனை பேர் வழியிலேயே மண்ணானார்கள் என்பதற்கு முழுக் கணக்கு யாரும் வைக்கவில்லை. மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களைத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். கண்டி மாவட்டத்திலேயே, ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரையில், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. நடந்து வந்தவர்கள் நிரந்தரமாகத் தங்கினார்கள்.

யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி கண்டியில்தான் தொடங்குகிறது. மாத்தளை, தம்புள்ளை, மிஹிந்தலை, மதவாச்சி என்று அது தொடும் ஊர்கள் அந்தப் பழைய நடைவழியின் ஊர்கள். குளிரூட்டிய பஸ்ஸில் தூங்கிக்கொண்டே நாம் கடக்கும் தூரம் அது.

மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 2023இல் அந்த வழியை மறுபடி நடந்தார்கள். ஜூலை 28 அன்று தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்தது. சாப்பாடும் தண்ணீரும் படுக்க இடமும் வழிநெடுக வரவேற்பும் இருந்தும் பதினாறு நாள் பிடித்தது. ஒன்றுமே இல்லாமல் கைக்குழந்தையோடு நடந்தவர்களுக்கு எத்தனை நாள் பிடித்திருக்கும் என்று அந்தக் கணக்கிலிருந்து நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரே டிக்கெட்டில் கடல் தாண்டிய காலம்

1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது. ‘போட் மெயில்’ என்று இரு கரையும் சொன்ன சேவை அதுதான். சென்னை எழும்பூரில் மாலை ஏறினால் திருச்சி வழியாக மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி. சுமார் 35 கிலோமீற்றர் கடல். அந்தப் பக்கம் காத்திருக்கும் ரயிலில் இரவுப் பயணம். மூன்றாம் நாள் காலையில் கொழும்பு. கண்டிக்குப் போகிறவர் கொழும்பு வரை போகத் தேவையில்லை. பொல்கஹவெலவில் இறங்கி மலைநாட்டு வண்டிக்கு மாறினால் போதும். எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட் கடலையும் கடத்தியது.

எல்லோருக்கும் அது சொகுசுப் பயணமாக இருக்கவில்லை. தோட்டத்துக்குச் சேர்த்த ஆட்களை மண்டபம் முகாமில் நிறுத்தினார்கள். உடலைப் பரிசோதித்து, அம்மை குத்தி, நாள்கணக்கில் தனிமைப்படுத்திய பிறகே கப்பலேற்றினார்கள். எந்தத் தோட்டத்து ஆள் என்று எண் பொறித்த தகரத்துண்டு கழுத்தில் தொங்கியது. அதே ரயிலில் முதல் வகுப்பில் வந்த வியாபாரி முந்திப் போய்ச் சேர்ந்தார். தூரம் இருவருக்கும் ஒன்று, நேரம் வேறு.

வானவழியும் இதற்குள் திறந்துவிட்டது. 1935 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த சிறு விமானம் இரத்மலானையில் இறங்கி அந்த நிலையத்தைத் தொடக்கி வைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் சேவை, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. ‘சீதாதேவி’ என்று பெயரிட்ட டக்கோட்டா விமானம் அது. ஆனாலும் அந்தத் தலைமுறையில் ஊருக்குப் போவது என்றால் பெரும்பாலோருக்கு ரயிலும் கப்பலும்தான்.

அழுகைக் கோச்சி

1948 பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. இரண்டு மாதம் ஆகவில்லை; டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது.

மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலை மக்கள் அழுகைக் கோச்சி என்றார்கள். ஜன்னலைப் பிடித்துக்கொண்டே ஓடியவர்களும், பெட்டிக்குள் இருந்து கை நீட்டியவர்களும் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பாட்டன் நடந்து வந்த வழியில் பேரன் ரயிலில் திரும்பினான், பார்த்தேயிராத ‘ஊருக்கு’. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடி தேயிலைக்கே போனவர்கள் பலர். அண்ணன் கூடலூரில், தங்கை கண்டியில் என்று குடும்பங்கள் அறுந்தன. 1980களின் நடுவில் போர் முற்ற, கப்பலும் நின்றது. நடுவில் 35 கிலோமீற்றர் கடல்தான். ஆனாலும் ஒரு சாவுக்குப் போக விமான டிக்கெட்டும் கடவுச்சீட்டும் விசாவும் கையில் இருக்க வேண்டும் என்றாயிற்று. நாட்கூலிக்காரருக்கு அந்தத் தூரத்தைக் கிலோமீற்றரில் சொல்லிப் பயனில்லை.

வழி இனி எங்கே சுருங்கும்?

கடல் வழி மீண்டும் மெல்லத் திறக்கிறது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் சேவை தொடங்கியது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் சென்னை விமானம் இறங்குகிறது. 2025இல் திருச்சியிலிருந்தும் சேவை வந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு இது வரப்பிரசாதம். கண்டிக்காரருக்கு உதவாது. பலாலியைப் பிடிக்க 320 கிலோமீற்றர் ஏ9 வீதியில் எட்டு மணி நேரம் போக வேண்டும்.

கண்டிக்கே ஒரு விமான நிலையம் வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழும். குண்டசாலைப் பக்கம் இடம் பார்த்ததாகவும் சொல்வார்கள். நீர்விமானம் கட்டுநாயக்கவிலிருந்து கிளம்பிப் போல்கொல்லை நீர்த்தேக்கத்தில் இறங்கியதுண்டு. அரை மணிப் பயணம்தான். சுற்றுலாப் பயணியின் பணப்பைக்கு அது சரி. புசல்லாவையிலிருந்தோ கலஹாவிலிருந்தோ அம்மாவை வைத்தியத்துக்கு அழைத்துப் போகிறவருக்கு அது வழியாகாது. சுமார் 500 மீற்றர் உயரத்தில், சுற்றிலும் மலை, காலையில் மூடுபனி. இங்கே ஓடுபாதை போட்டாலும் சிறிய விமானங்களே வரும், பயன்பெறுவோரும் சிலரே.

மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் கதை இன்னும் விசித்திரம். மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான நடுப்பகுதி 2022 ஜனவரியில் திறந்தது. கடவத்தை–மீரிகம என்ற முதற்பகுதியும், கண்டிப் பக்கம் கலகெதர வரை போக வேண்டிய பகுதியும் அதே ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் முடங்கின. கொழும்பையும் தொடாமல் கண்டியையும் தொடாமல் நடுவில் ஒரு நெடுஞ்சாலை. முதற்பகுதியின் வேலை 2025 செப்டெம்பரில் மீண்டும் தொடங்கியிருக்கிறது.

அதே ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. கண்டி மாவட்டம் பெருந்தொகையானோரை இழந்தது. கடுகண்ணாவ வீதியில் மண்சரிந்தது, மலைநாட்டு ரயில்பாதை பல இடங்களில் அடித்துப்போனது. கண்டி சில நாட்களுக்குப் பழைய அரசர் காலத்துக் கண்டியாகவே ஆயிற்று: யாரும் எளிதில் வர முடியாத ஊர். அன்று அரணாக இருந்தது இன்று அவலம்.

திருச்சிக்கும் கண்டிக்கும் இடையில் வானம் சுருங்க வேண்டிய மட்டும் சுருங்கிவிட்டது; இதற்கு மேல் ஐந்து நிமிடம் குறைந்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. குறைய வேண்டிய மூன்று மணி, கண்டிக்கும் கட்டுநாயக்கவுக்கும் நடுவே இருக்கிறது. நெடுஞ்சாலை இரு முனையையும் தொட்டால் அது ஏறக்குறைய பாதியாகும். ராகமையில் பிரியும் புத்தளம் ரயில்பாதை கட்டுநாயக்க வழியாகத்தான் போகிறது. விமான நேரங்களுக்குத் தோதாகக் கண்டியிலிருந்து ஒரு நேர்வண்டி விட்டால், நள்ளிரவில் வேனுக்கு அழும் காசு மிஞ்சும். சரியும் மலையைத் தாங்கும் சுவருக்கும் வடிகாலுக்கும் செலவிட்டால் மழைக்காலத்திலும் பயணம் உறுதியாகும். இந்த மூன்றும் விமானம் ஏறுகிறவருக்கு மட்டுமல்ல, மரக்கறி லொறிக்காரருக்கும் கொழும்பு வைத்தியசாலைக்குப் போகும் நோயாளிக்கும் பயன்படும். விமான நிலையம் கேட்கும் அரசியல்வாதி மேடையில் கைதட்டல் வாங்கலாம். கண்டிக்காரர் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடுகண்ணாவ ஏற்றத்துக்கு என்ன செய்தீர்கள்?

தூரமும் நேரமும்: ஒரு பார்வை

கண்டி–கொழும்பு: நேர்கோட்டில் சுமார் 95 கி.மீ., வீதியில் 116 கி.மீ., பஸ்ஸில் மூன்று முதல் மூன்றரை மணி.

கண்டி–கட்டுநாயக்க: நேர்கோட்டில் சுமார் 85 கி.மீ., வீதியில் நூறுக்கு மேல், வேனில் மூன்று முதல் மூன்றரை மணி.

கட்டுநாயக்க–திருச்சி: நேர்கோட்டில் சுமார் 420 கி.மீ., விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி.

கட்டுநாயக்க–சென்னை: நேர்கோட்டில் சுமார் 640 கி.மீ., விமானத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி.

கண்டி–யாழ்ப்பாணம்: ஏ9 வீதியில் 321 கி.மீ.

தலைமன்னார்–மாத்தளை, கால்நடையாக (2023): 16 நாள்.